ஒரு கோடு போதும்

என் கணவருக்கு அலுவலகத்தில் வைத்திருக்கும் பெயர் 'சாய்வு'. சாய்வு நாற்காலியில் விழுந்து கிடப்பவர் என்று நினைத்துவிடாதீர்கள். அதுவும் உண்டுதான், ஆனால் பெயர் அதனால் வரவில்லை. கைபேசி கோபுரங்களின் உச்சியில் நீளப் பெட்டிகளாகத் தொங்குமே ஆண்டெனா, அதிலிருந்து வரும் அலையை எவ்வளவு குனிய வைப்பது, எவ்வளவு நிமிர்த்துவது என்று முடிவு செய்வதுதான் இவர் வேலை. அதற்காகக் கோபுரத்தில் ஏறுவதெல்லாம் இல்லை. மேசையில் உட்கார்ந்து ஒரு எண்ணை மாற்றினால் போதும், ஊர்க்கோடியில் இருக்கும் ஆண்டெனா சொன்னபடி கேட்கும். வெளியே பெட்டி அசையக்கூடச் செய்யாது. பெண்டாட்டி பேச்சைக் கேட்பதாகத் தலையை மட்டும் ஆட்டும் கணவர்களுக்கு நேர்மாறு என்று நான் சொல்வேன்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, எதிர்ச்சுவரில் எழுத்துப் பலகையைக் காட்டி, "படிங்க" என்பேன். இவருடைய கம்பெனி சிம் எங்கள் வீட்டிலும் இவருடைய அண்ணன் வீட்டிலும் எல்லோரிடமும் உண்டு, என்னைத் தவிர. நான் வேறு கம்பெனி. "வீட்டுக்குள்ளயே எதிர்க்கட்சி" என்று இவர் பல்லைக் கடிப்பார். ஒரு வீட்டில் எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தால் வீடு கவிழ்ந்துவிடும் என்பது என் கட்சி.

அந்த விடுமுறை நாளில் நாங்கள் அண்ணன் வீட்டுக்குப் போனது நல்ல சேதி சொல்லத்தான். இவருக்கு விருது கிடைத்திருந்தது. நகரத்தின் கிழக்குப் பகுதியில் கைபேசிகளுக்குத் தகவல் போய்ச் சேரும் வேகத்தைக் கூட்டிக் காட்டியதற்காக, பெயர் பொறித்த கண்ணாடிப் பலகை ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். அதைத் துண்டில் சுற்றி, பைக்குள் வைத்து, வழி நெடுக மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். நான் இனிப்புப் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். அண்ணன் சர்க்கரை நோயாளி என்பதால் அவருக்கு மட்டும் தனியாகப் பிஸ்கட்.

அண்ணன் என்றால் இவருக்கு அப்பா மாதிரி. நான் அத்தான் என்று கூப்பிடுவேன். பம்பு செய்யும் பட்டறையில் கடைசல் இயந்திரம் ஓட்டியவர். தகப்பன் இல்லாத வீட்டில் தம்பியைப் படிக்க வைத்துவிட்டுத்தான் தனக்குக் கல்யாணம் என்று நின்றவர். அவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவார். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் கொடுத்து, காத்திருந்து காத்திருந்து, இப்போது அவர் முறை நெருங்கியிருந்தது. எங்கோ ஒருவர் இறந்து, அவருடைய சிறுநீரகம் அத்தானுக்குப் பொருந்தினால் பெரியாஸ்பத்திரியிலிருந்து போன் வரும். உடனே எடுத்து, உடனே கிளம்ப வேண்டும். எடுக்காவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். இரண்டு எண்கள்தான் வாங்கிக்கொள்வார்கள். ஒன்று அத்தானுடையது, மற்றது அக்காவுடையது. அக்கா என்றால் என் ஓரகத்தி.

அந்த இரண்டு போன்களையும் அக்கா ஜன்னல் கட்டையில் துணியை மடித்துப் போட்டு அதன் மேல் வைத்திருப்பார். அங்கேதான் நன்றாக டவர் எடுக்குமாம். தூசி படக்கூடாது, யாரும் தொடக்கூடாது. குளிக்கப் போனாலும் கதவை ஒருக்களித்துத்தான் வைப்பார். பிறந்த குழந்தையைக்கூட யாரும் இப்படிக் காவல் காத்து நான் பார்த்ததில்லை.

முன்பெல்லாம் இவர் மாதம் தவறாமல் அங்கே போய்க்கொண்டிருந்தார். ஆண்டெனாவை மாற்றினால், அளவெடுக்கும் போன்களை வண்டியில் வைத்துக்கொண்டு அந்தப் பகுதித் தெருத்தெருவாக யாராவது சுற்றிப் பார்க்க வேண்டும் என்று ஒரு வழக்கம் இருந்தது. கிழக்குப் பக்கம் என்றால் இவர் முந்திக்கொண்டு கிளம்பிவிடுவார். மத்தியானச் சாப்பாடு அண்ணி கையால். பிறகு அந்த வழக்கத்தை நிறுத்திவிட்டார்கள். ஒவ்வொரு கைபேசியும் தனக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று தானாகவே கோபுரத்துக்குச் சொல்லிவிடுகிறதாம். அதையெல்லாம் சேர்த்து மேசையிலேயே படமாகப் பார்க்கலாம். நன்றாகக் கிடைக்கிற இடம் பச்சை, கிடைக்காத இடம் சிவப்பு. பிறகு வண்டி எதற்கு, பெட்ரோல் எதற்கு? வண்டி நின்றது. அண்ணன் வீட்டுக்குப் போக இருந்த சாக்கும் அதோடு நின்றது. சொந்த அண்ணனைப் பார்க்க ஒரு மனுஷனுக்குச் சாக்கு வேண்டியிருக்கிறதே என்று எனக்கு ஆத்திரம் வரும். கேட்டால் வேலை, வேலை என்பார்.

பட்டறைக் குடியிருப்பு நகரத்தின் கடைசியில் இருக்கிறது. ஒரே வரிசையில் ஓட்டு வீடுகள், முன்னால் மண் தெரு. வீட்டுக்குப் பின்னால் வானத்தையே மறைத்துக்கொண்டு புதிதாக ஒரு கிடங்கு எழும்பியிருந்தது. தகரச் சுவர், தகரக் கூரை. வெயிலில் கண் கூசியது. "இது எப்ப வந்துது?" என்று இவர் ஒரு கணம் நின்று பார்த்தார். பிறகு பையைத் திறந்து பலகையை எடுப்பதில் மும்முரமாகிவிட்டார்.

அத்தான் இன்னும் இளைத்திருந்தார். ஊசி ஏறி ஏறி இடது கை நரம்பு கயிறு போலப் புடைத்திருந்தது. பலகையை வாங்கி முகத்துக்கு அருகே கொண்டுபோய், பிறகு தள்ளிப் பிடித்து, எழுத்தைத் தேடினார். பார்வை மங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. சர்க்கரை கண்ணையும் விடவில்லை.

"கனமா இருக்கே. எதுக்குடா குடுத்தாங்க? எனக்குப் புரியற மாதிரி சொல்லு பாப்போம்."

இவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "ஒரு கிளாஸ்ல வாத்தியார் பாடம் நடத்துறாருன்னு வெச்சுக்கோங்கண்ணா. கடைசி பெஞ்சுல ஒருத்தனுக்குச் சரியா காது கேக்கல. அவனுக்காக ஒவ்வொரு வரியையும் மெதுவா, திருப்பித் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கு. முன்னாடி இருக்கறவங்க எல்லாம் சும்மா உக்காந்திருக்காங்க. டவரும் அப்படித்தான். தூரத்துல இருக்கற போனுக்கு ஒரு போட்டோ அனுப்பற நேரத்துல கிட்ட இருக்கற போனுக்கு ஒரு சினிமாவே அனுப்பிடலாம்."

"சரி."

"ஆண்டெனாவக் கொஞ்சம் குனிய வெச்சேன். கிட்ட இருக்கற வீடுங்களுக்கெல்லாம் அலை நல்லா விழுந்துது. மொத்த ஏரியா வேகமும் எகிறிடுச்சு."

"அந்தக் கடைசி பெஞ்சுக்காரன்?"

"அவனைப் பக்கத்து கிளாஸ் வாத்தியார் பாத்துப்பாரு. அடுத்த டவர் எடுத்துக்கும்."

"எடுத்துக்கிச்சா?"

"ஒரு புகார்கூட வரலண்ணா. படத்துல முன்னாடி கொஞ்சம் சிவப்பு இருந்துது. இப்ப சிவப்பே கிடையாது."

"கெட்டிக்காரன்டா" என்று அத்தான் தம்பியின் முதுகில் தட்டினார். அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "தம்பி சின்ன வயசுலயே ரேடியோவப் பிரிச்சுப் போட்டவராமே" என்றார். "பிரிச்சது ஞாபகம் இருக்கு, திரும்ப மாட்டினது யாருக்காவது ஞாபகம் இருக்கா?" என்று நான் கேட்டேன். எல்லோரும் சிரித்தோம்.

அண்ணனையும் தம்பியையும் பலகையோடு உட்கார வைத்துப் படம் எடுத்தேன். அத்தான் போனுக்கு அப்போதே அனுப்பினேன். ஜன்னல் கட்டையில் சத்தமே இல்லை.

"போட்டோ வந்துதா அத்தான்?"

"அதெல்லாம் இங்க கொஞ்ச நாளா வர்றதில்லம்மா. ஆஸ்பத்திரிக்குப் போனா மொத்தமா வந்து விழும். நாளைக்குப் போறப்ப பாத்துக்கறேன்."

"ஏன் அத்தான், இவர்கிட்டச் சொல்லக்கூடாதா?"

"நம்ம தம்பி வேலை பாக்கற கம்பெனி. நாமளே குறை சொன்னா நல்லாவா இருக்கும்? நான் என்ன பாட்டு கேக்கவா போன் வெச்சிருக்கேன்? ஆஸ்பத்திரிக்காரங்க கூப்பிட்டா மணி அடிக்கணும், அவ்வளவுதான். அதுக்கு ஒரு கோடு போதும்."

அக்கா ஜன்னலைக் காட்டினார். "அந்த ஒரு கோடு மட்டும் போகவே இல்ல தம்பி. காலைல எழுந்ததும் சாமி படத்தப் பாக்கறேனோ இல்லியோ, அதைப் பாத்துடுவேன்."

இரண்டு போன்களிலும் ஒரு சின்னக் கோடு நின்றுகொண்டிருந்தது. இவர் எழுந்து போய்க் குனிந்து பார்த்தார். தன் போனையும் எடுத்துப் பார்த்தார். அதிலும் அதே ஒரு கோடு. முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை.

"உன் போன்லேருந்து அண்ணனுக்கு அடி" என்றார் என்னிடம்.

அடித்தேன். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு பெண் குரல், மிகுந்த மரியாதையோடு, நீங்கள் அழைக்கும் நபர் தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறார் என்றது.

அத்தானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடிப்பாவி, நான் இங்கதான உக்காந்திருக்கேன்!"

அக்கா எண்ணுக்கு அடித்தேன். அதே குரல், அதே மரியாதை. அக்கா கையில் கரண்டியோடு ஓடிவந்தார். "கோடு இருக்கே தம்பி. கோடு இருக்கும்போது எப்படி?"

"டவர் கத்தறது போனுக்குக் கேக்குது அண்ணி. அதான் அந்தக் கோடு. போன் பதில் சொல்றது டவருக்குப் போய்ச் சேரல." சொல்லிவிட்டு இவர் பின்கதவு வழியாக வெளியே போனார். நானும் பின்னாலேயே போனேன். கிடங்கின் தகரச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த டவர் அதற்கு அந்தப் பக்கம் இருந்தது, தகரத்தைத் தாண்டி அதன் அலை வராது. மேசையில் இவர் பார்க்கும் வரைபடத்தில் அந்தக் கிடங்கு இல்லவே இல்லை. அங்கே வெறும் பொட்டல்.

"புகார் வரலன்னு சொன்னேன்ல" என்றார். "எது வழியா வரும்? சிவப்பு எப்படிப் போச்சு தெரியுமா? கிடைக்கலன்னு சொல்றதுக்கே கிடைக்கணும். இந்த வீட்டு போனுங்க வாயே மூடிடுச்சு. பேச முடிஞ்சவங்கள மட்டும் கூட்டி, வகுத்து, எல்லாரும் நல்லா இருக்காங்கன்னு படம் போட்டிருக்கோம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண் தெரியாதவன் கடைக்கு வரவில்லை என்பதற்காக ஊரில் எல்லோருக்கும் கண் நன்றாகத் தெரிகிறது என்று நான் சொன்னால் என் முதலாளி என்னைச் சும்மா விடுவாரா? ஆனால் இவர் நின்ற நிலையைப் பார்த்து என் போனைத்தான் நீட்டினேன். எதிர்க்கட்சி போன் அன்றைக்கு வேலை செய்தது.

அலுவலகத்தில் பக்கத்து மேசைப் பெண் பணியில் இருந்தாள். இவர் கோபுரத்தின் எண்ணைச் சொல்லி, ஆண்டெனாவைப் பழைய நிலைக்கு நிமிர்த்தச் சொன்னார்.

"சாய்வு சார், விளையாடறீங்களா? நாளைக்கு மேனேஜர் பெரியவங்ககிட்ட இந்த நம்பரத்தான் காட்டப் போறாரு. இப்ப மாத்தினா எல்லாம் கீழ வந்துடும். அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"கேக்க வேணாம். நிமித்து."

"என் பேர்ல பதிவாகும் சார்."

"என் பேரைப் போடு. நிமித்தும்மா!" இவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அடுத்த வீட்டுக்காரர்கூட வெளியே வந்து பார்த்தார்.

உள்ளே வந்தோம். எல்லோரும் ஜன்னலருகே நின்று இரண்டு போன்களையும் பார்த்துக்கொண்டிருந்தோம். பால் பொங்குவதற்குக் காத்திருப்பது போல இருந்தது. அத்தான்கூட நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டார்.

"ரெண்டு!" என்று அக்கா கத்தினார். "ஐயோ, மூணு! பாருங்க, மூணு!"

"நம்ம வீட்டு இன்ஜினியர்னா சும்மாவா?" என்றார் அத்தான். அக்கா இனிப்புப் பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்து, கொழுந்தன் வாயில் தானே ஊட்டிவிட்டார். இவரும் மென்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. நேரத்தோடு வந்தோமே, கண்டுபிடித்தோமே என்று எனக்கும் உடம்பெல்லாம் இளகிவிட்டது. கடவுளே, கடவுளே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அப்போது அத்தான் போன் ஒலித்தது. நான் அனுப்பிய படம். அண்ணனும் தம்பியும் நடுவில் பலகையும். எல்லோரும் பார்த்தோம். அது மூடுவதற்குள் இன்னொரு ஒலி, மறுபடி ஒன்று. அக்கா போனும் சேர்ந்துகொண்டது.

அத்தான் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு போனை என்னிடம் நீட்டினார். "ஒண்ணும் தெரியலம்மா. நீதான் தினம் எல்லாரையும் படிங்க படிங்கங்கற. இன்னிக்கு நீ படி."

என் கடைக்கு வருகிறவர்கள் கடைசி வரி தெரியாவிட்டால் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். "வெளிச்சம் பத்தல" என்பார்கள். நானும் அதையேதான் சொன்னேன். "வெளிச்சம் பத்தல அத்தான்." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நடுப்பகல். வெளிச்சத்துக்கு என்ன குறை?

நேற்று மதியம் ஒரே எண்ணிலிருந்து அழைப்புகள் வந்து தவறியதாகக் குறுஞ்செய்திகள். இங்கே ஒன்று, அக்கா போனில் ஒன்று, மறுபடி இங்கே, மறுபடி அங்கே. கடைசியில் ஒரு செய்தி. பொருத்தமான சிறுநீரகம் கிடைத்தது, தங்களைத் தொடர்புகொள்ள இயலவில்லை, அது அடுத்தவருக்கு அளிக்கப்படுகிறது, தங்கள் பதிவு தொடர்கிறது.

"என்னம்மா?"

படித்தேன். வேறென்ன செய்வது? ஒவ்வொரு சொல்லாக, மெதுவாக, கடைசி பெஞ்சுக்காரனுக்குச் சொல்வது போலப் படித்தேன். முடித்ததும் அக்கா, "நேத்தா?" என்றார். "நேத்து மத்தியானம் நான் இந்த ஜன்னல் பக்கத்துலயேதான உக்காந்து கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தேன்? எங்கயும் போகலயே? எந்திரிக்கக்கூட இல்லயே?"

என் போனிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பேசினேன். எடுத்த பெண் நல்லவள். "ரெண்டு நம்பருக்கும் மாத்தி மாத்திப் போட்டோம்மா. முடிஞ்ச வரைக்கும் இழுத்துப் புடிச்சோம். உறுப்பு காத்திருக்காதும்மா. ராத்திரியே ஆபரேஷன் முடிஞ்சுடுச்சு" என்றாள். நான் நன்றி சொல்லி வைத்தேன். எதற்கு நன்றி சொன்னேன் என்று தெரியவில்லை.

அத்தான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "சரி, வீணாப் போகல. யாருக்கோ போயிருக்கு" என்றார். பிறகு, தம்பி பக்கம் திரும்பாமலே, "நீ என்னடா பண்ணுவ, நீ வேணும்னா பண்ணின?" என்றார். கடைசல் இயந்திரத்தில் மயிரிழை பிசகாமல் வேலை பார்த்த மனிதர் அவர். தம்பி சொன்ன வாத்தியார் கதையையும் தகரக் கிடங்கையும் சேர்த்துப் பார்க்க அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இவர் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். வாயில் இருந்த இனிப்பை இன்னும் முழுங்கியிருக்கவில்லை.

அக்கா அழவில்லை. இவர் எதிரில் வந்து நின்றார்.

"தம்பி, நீங்க குனிய வெச்சதுல எத்தனை பேருக்கு வேகமாச்சு?"

இவர் தலை நிமிரவில்லை. பொய் சொல்லியிருக்கலாம். "நிறைய பேருக்கு, அண்ணி" என்றார்.

"நல்லா இருக்கட்டும்" என்றார் அக்கா. இனிப்புப் பெட்டியை மூடி என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனார்.

மறுநாள் அலுவலகத்தில் நம்பரெல்லாம் விழுந்தது. படத்தில் சிவப்பு திரும்ப வந்தது, புகார்களும் வந்தன. வாயடைத்துக் கிடந்த போன்களுக்குப் பேச்சு வந்தால் வேறென்ன வரும்? மேனேஜர் குதித்தார். மேலதிகாரி முன்னால் வாய் திறக்காத என் கணவர் அன்றைக்குப் பேசினார். ஆண்டெனா நிமிர்ந்தபடியே நின்றது. பலகையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, அதெல்லாம் வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்களாம். அதைத் துண்டில் சுற்றிப் பரணில் போட்டேன்.

அதன் பிறகு விடுமுறை தோறும் இவர் அண்ணன் வீட்டுக்குப் போனார். அளவெடுக்கும் போனைச் சொந்த ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு அந்தத் தெருக்களைச் சுற்றிவிட்டு, ஜன்னலருகே உட்கார்ந்துகொள்வார். என் எண்ணையும் ஆஸ்பத்திரியில் கெஞ்சிப் பதிய வைத்தோம். அழைப்பு வரவில்லை. பொருந்தியது ஒரு தடவைதான். மழைக்காலத்தில் ஒரு நாள், ரத்தச் சுத்திகரிப்பு முடிந்து வீடு திரும்பும் வழியில், அத்தானின் இதயம் நின்றுவிட்டது. ஆட்டோவில் அக்கா தோளில் சாய்ந்தபடியே போயிருக்கிறார்.

காரியங்கள் முடிந்து நாங்கள் கிளம்பும்போது அக்கா ஜன்னல் கட்டையிலிருந்து அத்தானின் போனை எடுத்துவந்தார். மடித்துப் போட்ட துணியோடு சேர்த்து எடுத்துவந்தார். அந்த நாளுக்குப் பிறகு அவர் கொழுந்தனோடு நேருக்கு நேர் பேசியிருக்கவில்லை.

"இப்ப கோடு எல்லாம் முழுசா வருது தம்பி" என்றார். "நீங்களே எடுத்துட்டுப் போங்க."

இவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.